ஒற்றைக் குமிழியின் பாடமும் குமிழிக் கூட்டத்தின் வேதியியலும்

மீயொலியால் கழிவுநீரைத் தூய்மைப்படுத்துவது குறித்து நம் பல்கலைக்கழகங்களில் எழுதப்படும் ஆய்வேடுகளுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. முதல் இயலில் ஒற்றைக் குமிழியின் சமன்பாடு வரும். ஒலியலையில் அது விரிந்து, பின் நொறுங்கும்போது உள்ளே ஆயிரக்கணக்கான கெல்வின் வெப்பம் எழும் என்ற கணக்கு அதைத் தொடரும். நான்காம் இயலில், நூறு மில்லிலிட்டர் முகவையில் சாயநீர் ஒரு மணி நேரத்தில் வெளிறிய வரைபடம் இடம்பெறும். இறுதி இயலில், பெரிய அளவில் செய்து பார்ப்பது எதிர்காலப் பணி என்ற ஒற்றை வரி வரும். அந்த எதிர்காலம் பெரும்பாலும் வருவதில்லை. முகவையில் நிறம் இழந்த சாயம் தொட்டியில் நிறம் இழக்க மறுக்கிறது.

இதற்குக் கருவியின் திறன் போதவில்லை என்று காரணம் சொல்வது வழக்கமாகிவிட்டது. உண்மையான காரணம் வேறு. முதல் இயலில் வருணிக்கப்படும் குமிழி நான்காம் இயலின் முகவைக்குள் இல்லை. அங்கே இருப்பது ஒரு கூட்டம். ஒவ்வொரு குமிழியும் ஒலியைக் கேட்கிறது, தானும் ஒலிக்கிறது, அண்டைக் குமிழியின் ஒலியால் இழுக்கப்படுகிறது அல்லது தள்ளப்படுகிறது. வேதிவினையின் அளவைத் தீர்மானிப்பது இந்தக் கூட்டத்தின் நடத்தையே. அதை அளக்காமல், கருவியின் முகப்பில் பொறித்த வாட் எண்ணை மட்டும் பதிவு செய்யும் ஆய்வு, எவ்வளவு கவனமாகச் செய்யப்பட்டாலும், வேறோர் ஊரின் வேறொரு தொட்டிக்குப் பயணம் செய்யாது. இதைத் திருத்தும் வசதி இந்தியாவில் எங்கேனும் அருகருகே அமைந்திருக்கிறது என்றால் அது புனே நகரத்தில்தான்.

முதலில் ஒற்றைக் குமிழி. அதன் கதையை இழித்துரைக்க யாருக்கும் உரிமையில்லை. இயற்பியலின் அழகிய கதைகளுள் அது ஒன்று. 1859-இல் பெசன்ட் ஒரு கணக்கை முன்வைத்தார்: நீருக்குள் ஒரு கோள வடிவ வெற்றிடம் திடீரெனத் தோன்றினால் சுற்றியுள்ள நீர் எவ்வளவு நேரத்தில் அதை நிரப்பும்? கப்பல் சுழலிகள் அரிக்கப்படும் சிக்கல் பெரிதானபோது, 1917-இல் ராலே பிரபு அதே கணக்கை மீண்டும் எடுத்தார். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள வெற்றுக்குழி வளிமண்டல அழுத்தத்தில் மூடிக்கொள்ள ஏறத்தாழ 90 மைக்ரோவினாடி ஆகும் என்பது அவருடைய சூத்திரம் தரும் விடை. 1949-இல் பிளெசெட், அழுத்தம் காலத்தோடு மாறும் நிலைக்கு அதை விரித்தார். பரப்பு இழுவிசை, பாகுநிலை, நீரின் அமுங்குதன்மை ஆகியவை பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. இன்று எந்த மாணவரும் மடிக்கணினியில் சில நொடிகளில் தீர்க்கக்கூடிய வகைக்கெழுச் சமன்பாடாக அது நிற்கிறது.

எளிய தோற்றமுடைய இந்தச் சமன்பாடு கடுமையான நேரியலற்ற தன்மை கொண்டது. ஒலி மெலிதாக இருக்கும்போது குமிழி ஒரு சுருள்வில்லைப் போல அதிர்கிறது. 1933-இல் மின்னார்ட் தந்த விதிப்படி, ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள காற்றுக்குமிழி நீரில் வினாடிக்கு ஏறத்தாழ 3,260 முறை அதிரும். ஓடையின் சலசலப்பில் நாம் கேட்பது பெரும்பாலும் இத்தகைய குமிழிகளின் குரலே. ஒலி வலுக்கும்போது நிலைமை மாறுகிறது. ஐந்து மைக்ரோமீட்டர் ஆரமுள்ள குமிழி, அலையின் இழுவைக் கட்டத்தில் ஐம்பது மைக்ரோமீட்டர் வரை விரியும். கன அளவில் இது ஆயிரம் மடங்கு. அடுத்து வரும் அமுக்கக் கட்டத்தில் அது அரை மைக்ரோமீட்டர் அளவுக்கு நொறுங்கும். 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் கெய்டன், கிரம் ஆகியோர் ஒற்றைக் குமிழியை நிலை அலையில் அந்தரத்தில் நிறுத்தினர். ஒவ்வொரு ஒலிச்சுழற்சியிலும் அது ஒளிவிட்டது. ஒலியை ஒளியாக்கும் அந்தக் குமிழி உலகெங்கும் இயற்பியலாளர்களை ஈர்த்தது.

அதன் வெற்றியே ஒரு பழக்கத்தையும் விட்டுச்சென்றது. ஒன்றைக் கணக்கிட்டு, எண்ணிக்கையால் பெருக்கினால் கூட்டம் கிடைத்துவிடும் என்ற எண்ணம் அது. நேரியல் உலகில் அது சரி. குமிழிகளின் உலகில் அது தவறு.

ஏன் தவறு என்பதற்கு இரண்டு குமிழிகளே போதும். அதிரும் குமிழி தன்னைச் சுற்றி அழுத்த அலையைப் பரப்புகிறது. அந்த அழுத்தம் அண்டைக் குமிழியின் சமன்பாட்டில் புதிய உறுப்பாகச் சேர்கிறது. தூரம் கூடக் கூட அது தேய்கிறது, ஆனால் அறுந்துபோவதில்லை. இரண்டும் ஒரே கட்டத்தில் விரிந்து சுருங்கினால் ஒன்றையொன்று ஈர்க்கும். எதிரெதிர்க் கட்டத்தில் இயங்கினால் விலக்கும். நார்வே நாட்டின் பியெர்க்னெஸ் தந்தையும் மகனும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆராய்ந்த இவ்விசை அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. ஒலியின் அதிர்வெண், இரு குமிழிகளின் இயல் அதிர்வெண்களுக்கு இடையில் விழுந்தால் விலக்கம். இரண்டுக்கும் மேலே அல்லது கீழே இருந்தால் ஈர்ப்பு. இது மெல்லிய ஒலிக்கான பாடம். ஒலி வலுக்கும்போது இந்த விதியும் நம்பத்தக்கதாக இருப்பதில்லை. பாடநூல்படி ஈர்க்க வேண்டிய இணை விலகலாம். விலக வேண்டியது நெருங்கலாம். ஒன்றை ஒன்று தொடாமல் ஒரு குறிப்பிட்ட இடைவெளியில் நிலைபெறவும் செய்யலாம்.

குமிழிக்கும் ஒலிப்புலத்துக்கும் உள்ள உறவிலும் இதே தலைகீழ் மாற்றம் உண்டு. ஒத்ததிர்வு அளவைவிடச் சிறிய குமிழிகள் நிலை அலையில் அழுத்தம் மிகுந்த எதிர்க்கணுவுக்கு ஓடும். பெரியவை கணுவுக்குச் செல்லும். இது மெல்லிய ஒலியில் உண்மை. ஒலி மிக வலுவானால் சிறிய குமிழிகளும் எதிர்க்கணுவிலிருந்து வெளியே தள்ளப்படுகின்றன. அதாவது, வினை வேகமாக நடக்க வேண்டிய இடத்திலிருந்து வினை செய்ய வேண்டியவையே விரட்டப்படுகின்றன. திறனைக் கூட்டினால் விளைச்சல் ஓரளவு உயர்ந்து பின் சரிவதைப் பார்த்துத் திகைக்கும் மாணவர்கள் இந்த ஒரு செய்தியை முன்பே அறிந்திருந்தால் பல மாதங்களை மிச்சப்படுத்தியிருப்பார்கள்.

அடுத்து, கூட்டம் ஒலியையே மாற்றிவிடுகிறது. தூய நீரில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 1,480 மீட்டர். 20 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏழு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அதே நீரில் கன அளவில் நூறில் ஒரு பங்கு வாயு நுண்குமிழிகளாகக் கலந்தால், ஒலியின் வேகம் வினாடிக்கு நூறு மீட்டர் அளவுக்கு வீழ்கிறது. அலைநீளம் அரை சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. எனவே மீயொலிக் கொம்பின் முனையில் திரளும் வெண்படலம் ஒரு திரையாகிறது. ஒலி அதற்குள் சிக்கி வெப்பமாகிறது. முகவையில் அந்தத் திரைக்கும் சுவருக்கும் இடையே சில சென்டிமீட்டர்களே இருப்பதால் குறை தெரிவதில்லை. தொட்டியில் திரைக்கு அப்பால் உள்ள நீர் முழுவதும் அமைதியாக இருக்கிறது. திறனை இரட்டிப்பாக்கினால் திரைதான் தடிக்கிறது.

கூட்டத்தின் பங்கை மிகத் தெளிவாகக் காட்டிய சோதனைகளுள் ஒன்று ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. தமிழகத்திலிருந்து சென்று அங்கு பேராசிரியராக விளங்கும் முத்துப்பாண்டியன் அசோக்குமார், ஃபிரான்ஸ் கிரீசர் முதலியோருடன் 1990-களில் செய்த ஆய்வு அது. மீயொலி செலுத்தப்பட்ட நீரில் குமிழிக் கூட்டம் மங்கலாக ஒளிவிடும். அந்நீரில் சோடியம் டோடெசில் சல்பேட் என்னும் சலவைப் பொருளைச் சிறிதளவு சேர்த்தபோது ஒளி கூடியது. ஒலியின் திறனும் அதிர்வெண்ணும் மாறவில்லை. கரைசலில் உப்பைச் சேர்த்ததும் அந்தக் கூடுதல் மறைந்தது. விளக்கம் கூட்டத்தில் இருந்தது: சலவைப் பொருளின் மின்னேற்றம் குமிழிகளின் பரப்பில் படிந்து அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி வைத்தது. இணைவதும் நெருங்கித் திரள்வதும் குறைந்ததால் ஒலி உள்ளே சென்றது. ஒளிவிடத்தக்க குமிழிகள் மிகுந்தன. உப்பு அந்த மின்விலக்கத்தை மறைத்துவிட்டது. ஒற்றைக் குமிழிச் சமன்பாட்டை எத்தனை முறை தீர்த்தாலும் இந்த விடை கிடைக்காது.

இச்சோதனையின் நடைமுறைப் பொருள் கூர்மையானது. சாயப்பட்டறைக் கழிவுநீரில் சலவைப் பொருளும் உண்டு, உப்பும் ஏராளமாக உண்டு. காய்ச்சி வடித்த நீரில் ஒரே ஒரு சாயத்தைக் கரைத்துப் பெற்ற வினைவேகத்தை அங்கே எதிர்பார்ப்பது, ஆளில்லாத தெருவில் நடந்த நேரத்தைக் கொண்டு திருவிழாத் தெருவில் நடக்கும் நேரத்தைக் கணிப்பது போன்றது.

இனி புனே. பாஷாண் பகுதியில், ஹோமி பாபா சாலையில், 1950-இல் திறக்கப்பட்ட தேசிய வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அதன் அண்டையில் 2006-இல் தொடங்கிய இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம், சுருக்கமாக ஐசர், இருக்கிறது. நகருக்கு மேற்கே கடக்வாஸ்லாவில் 1916-இல் தோன்றிய மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மூன்று நிறுவனங்களும் மூன்று மொழிகளில் ஒரே பொருளைப் பேசுகின்றன.

வேதியியல் ஆய்வகம் குமிழியை வேலையாளாகப் பார்க்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1954-இல் இங்கு சேர்ந்து, 1978 முதல் 1989 வரை இதன் இயக்குநராக இருந்த எல். கே. துரைசாமி, இந்திய வேதிப்பொறியியலுக்குக் கணிதவழி ஒழுங்கைத் தந்தவர்களுள் ஒருவர். பின்னாளில் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1999-இல் தாம்சனுடன் இணைந்து ஒலிவேதியியல் பற்றி அவர் எழுதிய விரிவான மதிப்புரை, அறிவியல், பொறியியல் என்ற இரண்டு சொற்களையும் தலைப்பிலேயே தாங்கியது. இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்ற நிலைப்பாட்டுக்கு அதைவிடச் சுருக்கமான வடிவம் இல்லை. மும்பையின் வேதித் தொழில்நுட்ப நிறுவனத்தில் அனிருத்த பண்டிட் குழுவினர் 1990-களிலிருந்து, ஒலிக்குப் பதிலாக நீரோட்டத்தைக் கொண்டே குமிழிகளை உருவாக்கி நொறுக்கும் முறையை வளர்த்தனர். புனேயில் விவேக் ரானடே, வினய் பண்டாரி ஆகியோர் சுழல் டயோடு என்னும் அமைப்பைக் கொண்டு அதைத் தொடர்ந்தனர். அதில் நீர் வட்ட அறைக்குள் பக்கவாட்டில் நுழைந்து, சுழன்று, நடுவழியே வெளியேறும். சுழலின் மையத்தில் அழுத்தம் வீழ்வதால் குமிழிகள் அங்கே பிறக்கின்றன. குறுகிய துளை இல்லாததால் அடைப்பு குறைவு. குமிழிகள் சுவரிலிருந்து விலகி நொறுங்குவதால் அரிப்பும் குறைவு.

மீயொலியை விட்டு நீரோட்டத்துக்கு மாறியதன் நியாயத்தை எளிய கணக்கொன்று காட்டும். ஒரு லிட்டர் நீரில் 100 வாட் திறனை ஒரு மணி நேரம் செலுத்தினால் 0.1 யூனிட் மின்சாரம். ஒரு கன மீட்டருக்கு 100 யூனிட். கடல்நீரைக் குடிநீராக்கும் நவீன ஆலைக்கே ஒரு கன மீட்டருக்கு மூன்று நான்கு யூனிட் போதும். மாறாக, 3 பார் அழுத்த வீழ்ச்சியோடு நீரை ஒருமுறை சுழல் அறை வழியே செலுத்த, பம்பின் இழப்பு நீங்கலாக, ஒரு கன மீட்டருக்கு 0.083 யூனிட் ஆகும். நூறு முறை சுற்றினாலும் எட்டு யூனிட்டைச் சற்றே தாண்டும். பொறியாளர்களின் தேர்வு உணர்ச்சிவயப்பட்டதன்று. ஆனால் கருவி மாறினாலும் குமிழி மாறவில்லை. சுழலுக்குள் அழுத்தம் ஏறி இறங்குவதைக் குமிழி ஒலியலையைப் போலவே உணர்கிறது. அண்டைக் குமிழிகளோடு அதே விதிகளின்படியே உறவாடுகிறது.

ஐசர் போன்ற நிறுவனங்களில் குமிழிக்கு வேறு பெயர்: பிணைந்த நேரியலற்ற அலைவி. அங்கு பல ஆண்டுகள் பணியாற்றிய ஜி. அம்பிகா, பிணைந்த அலைவிகள் எப்போது ஒத்திசைகின்றன, எப்போது ஒன்றையொன்று அடக்கி அசைவற்றுப் போகின்றன என்ற கேள்விகளை ஆராய்ந்தவர். தமிழ்நாட்டில் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் மு. லட்சுமணன் உருவாக்கிய நேரியலற்ற இயக்கவியல் மரபு உலகறிந்தது. கேயாஸ், ஒத்திசைவு, கால இரட்டிப்பு ஆகியவற்றில் தேர்ந்த இளம் ஆய்வாளர்களை இந்தியா தொடர்ந்து உருவாக்கி வருகிறது. அவர்களுள் பெரும்பாலோர் மின்சுற்றுகளையும் நரம்பு மாதிரிகளையும் ஆராய்கிறார்கள். குமிழிகளை எடுத்துக்கொள்பவர்கள் மிகச் சிலர்.

கடக்வாஸ்லாவின் மொழியில் குமிழி பகைவன். அணையின் உபரிநீர்ப் போக்கியில் நீர் மிகு வேகத்தில் பாயும்போது காங்கிரீட் பரப்பின் சிறு மேடுபள்ளங்களுக்குப் பின்னே நீராவிக் குழிகள் தோன்றி நொறுங்கி, காங்கிரீட்டையே தோண்டிவிடும். உலகெங்கும் நீரியல் பொறியாளர்கள் கண்ட மருந்து, நீரின் அடிப்பரப்பில் சிறிதளவு காற்றைக் கலப்பது. சில விழுக்காடு காற்று கலந்தாலே சேதம் பெருமளவு தணிகிறது. வாயுக் குமிழிகள் மெத்தைபோல் நின்று நொறுங்கலின் வேகத்தைக் குறைக்கின்றன. கழிவுநீர் ஆய்வாளருக்கு இதில் ஒரு நேரடிப் பாடம் இருக்கிறது: நீரில் எவ்வளவு வாயு இருக்கிறது என்று சொல்லாத கேவிட்டேஷன் ஆய்வு, பாதி ஆய்வு.

மூன்று மொழிகளுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர்கள் குறைவு. இது புனேயின் குறை மட்டுமன்று. நம் பாடத்திட்டங்களின் குறை. வேதிப்பொறியியல் மாணவருக்குப் பிளவுபடுதல் வரைபடம் அறிமுகமாவதில்லை. இயற்பியல் மாணவர் கால இரட்டிப்பைக் கணினித் திரையில் மட்டுமே காண்கிறார். இருவரும் ஒரே பேருந்தில் ஏறி ஒரே சாலையில் இறங்கி வெவ்வேறு வாயில்களுக்குள் நுழைகிறார்கள்.

இதற்கு இரு பக்கங்களிலிருந்தும் மறுப்பு உண்டு. இரண்டிலும் உண்மை உண்டு. பொறியாளர் சொல்வார்: சுழல் டயோடு யாருடைய சமன்பாட்டுத் தீர்விலிருந்தும் பிறக்கவில்லை, பாய்மம் பற்றிய உள்ளுணர்விலிருந்து பிறந்தது, இலட்சக்கணக்கான குமிழிகளின் பிணைந்த சமன்பாடுகளைத் தீர்த்த பிறகுதான் நீரைச் சுத்திகரிக்கலாம் என்றால் மக்கள் அதுவரை எதைக் குடிப்பது? கணிதவியலாளர் சொல்வார்: இரண்டு குமிழிகளின் இயக்கமே கேயாஸுக்குள் போய்விடுகிறது, தொடக்க நிலையின் நுண்ணிய மாற்றம் விடையைத் தலைகீழாக்குகிறது, அழுக்கு நீரைப் பற்றி என்ன முன்கணிப்பைத் தர முடியும்?

இருவருக்கும் பதில் ஒரே சோதனையில் இருக்கிறது. 1981-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் லாட்டர்போர்ன், கிராமர் ஆகியோர் மீயொலி செலுத்தப்பட்ட நீரின் இரைச்சலை நீரொலிவாங்கி கொண்டு பதிவு செய்தனர். ஒலியழுத்தத்தைக் கூட்டக் கூட, செலுத்திய அதிர்வெண்ணில் பாதி தோன்றியது, பிறகு கால், பிறகு அரைக்கால், இறுதியில் அகன்ற இரைச்சல். கேயாஸுக்குச் செல்லும் கால இரட்டிப்பு வழி அது. அந்த இரைச்சல் ஒரு குமிழியிலிருந்து வந்ததன்று. எண்ணற்ற குமிழிகளின் கூட்டுக்குரல் அது. ஆயினும் அதில் ஒழுங்கு இருந்தது. அடுத்தடுத்த ஆய்வுகள், அக்கூட்டத்தின் இயக்கத்தை மிகச் சில மாறிகளே ஆள்கின்றன என்று காட்டின. அதாவது, கூட்டத்தைப் புரிந்துகொள்ள ஒவ்வொரு குமிழியையும் பின்தொடர வேண்டியதில்லை. கூட்டத்தின் குரலைக் கேட்டால் போதும். கேட்பதற்கான கருவி ஒரு நீரொலிவாங்கியும் ஓர் அலைக்காட்டியும் மட்டுமே. அந்தக் குரலில் எந்தக் கட்டத்தில் வேதிவினை உச்சம் பெறுகிறது என்று அறிவதுதான் பொறியாளருக்கும் கணிதவியலாளருக்கும் பொதுவான கேள்வி.

எனவே சில மாற்றங்கள் தேவை. இவற்றுள் எதற்கும் பெரிய நிதியோ புதிய கட்டடமோ வேண்டியதில்லை.

முதலாவது, அளவீட்டு ஒழுக்கம். கருவியின் முகப்பு எண்ணுக்குப் பதிலாக, நீரின் வெப்பநிலை ஏறும் வேகத்திலிருந்து நீரில் உண்மையில் சேர்ந்த திறனைக் கணக்கிட்டுப் பதிய வேண்டும். கரைந்த வாயுவின் அளவு, நீரின் வெப்பநிலை, பாத்திரத்தின் வடிவமும் நீர்மட்டமும், சூழல் அழுத்தம் ஆகியவை ஒவ்வொரு அட்டவணையிலும் இடம்பெற வேண்டும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் உள்ள புனேயில் வளியழுத்தம் சென்னையைவிட ஏறத்தாழ ஆறு விழுக்காடு குறைவு. வாசல் மதிப்புகளால் ஆளப்படும் ஓர் இயக்கத்தில் அந்த ஆறு விழுக்காட்டைச் சோதிக்காமல் புறக்கணிக்க முடியாது. அயோடைடு கரைசலில் அயோடின் வெளிப்படும் அளவைப் பொது அளவுகோலாகக் கொண்டால், கோயம்புத்தூர் முகவையையும் கௌகாத்தி முகவையையும் ஒப்பிடலாம். இவற்றோடு நீரொலிவாங்கியின் அலைமாலைப் படம் ஒன்றும் சேர்ந்தால், ஆய்வேட்டின் நான்காம் இயல் முதல் இயலோடு முதன்முறையாகப் பேசத் தொடங்கும்.

இரண்டாவது, தோல்விக்கு இடம். ஒவ்வொரு ஆய்வும் குறைந்தது இரண்டு பாத்திர அளவுகளில் செய்யப்பட வேண்டும். ஒன்று மற்றதைப் போலப் பத்து மடங்காவது பெரியதாக இருக்க வேண்டும். பெரியதில் வினை சரிந்தால், அந்தச் சரிவே ஓர் இயலாக எழுதப்பட வேண்டும். கூட்டத்தின் நடத்தை பற்றிய செய்தி அந்தச் சரிவில்தான் இருக்கிறது. 98 விழுக்காடு நிறநீக்கம் என்ற தலைப்பை மதிக்கும் தேர்வாளர்கள், பத்து மடங்கில் அது ஏன் 30 ஆயிற்று என்று விளக்கும் இயலை அதைவிட மேலாக மதிக்கப் பழக வேண்டும். நிறம் போவது நச்சு போவதாகாது என்பதையும், கரிமப் பொருளின் மொத்த அளவு குறைந்ததா என்பதையும் அதே தேர்வாளர்கள் கேட்க வேண்டும்.

மூன்றாவது, இரு வழிகாட்டிகள். கேவிட்டேஷன் துறையில் பதிவு செய்யும் முனைவர் பட்ட மாணவருக்கு ஒரு வேதிப்பொறியாளரும் ஒரு நேரியலற்ற இயக்கவியல் அறிஞரும் கூட்டாக வழிகாட்டலாம். பல்கலைக்கழக விதிகள் இணை வழிகாட்டியை ஏற்கெனவே அனுமதிக்கின்றன. புனேயில் இதற்கு ஒரு சாலையில் சில நிமிடம் நடந்தால் போதும். திருச்சியிலும் சென்னையிலும் சற்றே நீண்ட பயணம், அவ்வளவே.

இத்தனையும் ஒரு சிறு துறையின் உள்விவகாரம் என்று ஒதுக்கிவிடலாம். அப்படி ஒதுக்க முடியாததற்குத் திருப்பூர் சாட்சி. சாயக்கழிவால் நொய்யல் ஆறு சீரழிந்ததைத் தொடர்ந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஓர் ஊரின் பிழைப்பு ஒரு வேதிச் சிக்கலின் முன் நின்றுபோனது. அன்று முதல் இன்று வரை, மலிவான சுத்திகரிப்பு முறை தருவதாகச் சொல்லும் எவரையும் நம்பிப் பார்க்க வேண்டிய நிலையில் சிறு பட்டறை உரிமையாளர்கள் இருக்கிறார்கள். புனேயின் முளா, முட்டா ஆறுகளின் கரையிலும் கழிவுநீரைச் சுமந்து ஓடும் நீரைப் பார்க்கலாம். முகவையில் மட்டும் உண்மையான ஓர் எண்ணை அத்தகையவர்களிடம் கொண்டு செல்வது ஆய்வுப் பிழை என்ற எல்லையைத் தாண்டிவிடுகிறது. அவர்கள் கடன் வாங்கி வைக்கும் தொட்டியில் அந்த எண் பொய்க்கும்போது, அறிவியலின் மீதான நம்பிக்கையும் சேர்ந்தே வடியும்.

குமிழி நொறுங்கும்போது நீர் மூலக்கூறு உடைந்து ஹைட்ராக்சில் உறுப்பு பிறப்பதும், அது சாய மூலக்கூறைத் தாக்குவதும் மெய். மருந்தோ குளோரினோ சேர்க்காமல் அழுத்த மாற்றத்தால் மட்டுமே இது நிகழ்வது உண்மையிலேயே மதிப்புமிக்கது. தேசிய வேதியியல் ஆய்வகம் இயற்கை எண்ணெய்களையும் கேவிட்டேஷனையும் இணைத்துக் குடிநீரின் நுண்ணுயிர்களை அழிக்கும் முறையை உருவாக்கியிருப்பது, இத்துறை முகவையைத் தாண்டி வரக்கூடியது என்பதற்கு நல்ல அடையாளம். தாண்டிவரும் வழி மேலும் பெரிய மீயொலிக் கருவியை வாங்குவதில் இல்லை. இருக்கும் முகவைக்குள் ஒரு நீரொலிவாங்கியை இறக்கி, குமிழிக் கூட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பதிலிருந்து அது தொடங்குகிறது. அடுத்து எழுதப்படும் ஆய்வேட்டின் முதல் இயலில் ஒற்றைக் குமிழியின் சமன்பாடு தாராளமாக இடம்பெறட்டும். அதன் கீழே, அண்டைக் குமிழிகளின் அழுத்தத்தைக் குறிக்கும் உறுப்பும் எழுதப்படட்டும்.